அத்தா இல்லாத முதல் நோன்பு: நண்பனுக்கு என்ன எழுதுவது?

மாடிப்படி:

வணக்கம். ரமலான் தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் யாரோ அனுப்பிய பிறை, விளக்குப் படத்தை அப்படியே எல்லோருக்கும் தள்ளிவிடுவேன். இந்த முறை அதற்கு மனசு வரவில்லை.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன். 2012-இலும் 2013-இலும் நோன்பு ஜூலையில் வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு முன்பே, சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவுக்கு அவனை எழுப்ப, அவன் அத்தா, அதாவது அப்பா, வீட்டிலிருந்து போன் செய்வார். இரும்புக் கட்டிலின் சட்டத்தில் போனை வைத்திருப்பான், அதிர்ந்தால் கட்டில் முழுக்கக் கடகடக்கும். என் கட்டில் அதை ஒட்டியே கிடந்ததால் எனக்கும் விழிப்பு வந்துவிடும். "எழுந்துட்டேன் அத்தா" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வான். அவர் விடமாட்டார். "உக்காரு. உக்காந்துட்டு சொல்லு" என்பார். இவன் எழுந்து உட்கார்ந்து மறுபடி சொன்ன பிறகுதான் பேச்சே முடியும். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேறு ஊருக்குப் போன பிறகும் ரமலான் முழுக்க அந்த அழைப்பு வந்துகொண்டுதான் இருந்ததாம். போன நோன்பு முடிந்து நாலாவது மாதம் அத்தா தவறிவிட்டார்.

"இனிய ரமலான் வாழ்த்துகள் நண்பா" என்று அடித்துப் பார்த்தேன். அவனுக்கு இதையா அனுப்புவது என்று அழித்துவிட்டேன். துக்கம் நடந்த வருடத்தில் வாழ்த்துச் சொல்லலாமா? அத்தாவைப் பற்றி எழுதலாமா, இல்லை அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லதா?

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அவ்வளவாகப் பழக்கம் இல்லை. இன்னொருவர் அலுவலகத்தில் மூத்தவர். போன வருடம் அவருக்கு "30 நோன்பையும் முழுமையாக நிறைவேற்ற வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். "நன்றி" என்று ஒரே சொல் வந்தது. அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், நோன்பு வைக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த "நன்றி"யை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

நான் முஸ்லிம் இல்லை. ரமலான் முபாரக், ரமலான் கரீம், ஈத் முபாரக் இதில் எதை எப்போது சொல்வது என்பதும் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாமுற்றம்:

தம்பி, முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

ரமலான் என்பது மாதத்தின் பெயர். ஹிஜ்ரி ஆண்டின் ஒன்பதாவது மாதம். அது முடிந்து ஷவ்வால் பிறந்த முதல் நாள்தான் நோன்புப் பெருநாள், ஈதுல் ஃபித்ர். மாதம் தொடங்கும்போது "ரமலான் முபாரக்", பெருநாள் அன்று "ஈத் முபாரக்". முபாரக் என்றால் பரக்கத், அதாவது அருள், நிறைந்தது. கரீம் என்றால் தாராளம், கொடையுள்ளம். "ரமலான் கரீம்" என்றால் அரபியில் "அல்லாஹு அக்ரம்" என்று பதில் சொல்வார்கள், அல்லாஹ் அதைவிடத் தாராளமானவன் என்று பொருள். தாராளம் அல்லாஹ்வின் குணம், மாதத்துக்கு அதைச் சொல்வதா என்று தயங்கும் ஆட்களும் உண்டு. முபாரக் என்று எழுதினால் யாருக்கும் தயக்கம் இருக்காது. பெருநாளுக்கு "ரம்ஜான் வாழ்த்துகள்" என்று பலரும் எழுதுகிறார்கள். பெயர் அந்த நாளுக்குப் பொருந்தாவிட்டாலும் அன்போடு வந்தால் நாங்கள் அன்பாகவே எடுத்துக்கொள்கிறோம்.

எங்களுக்கு மாலை சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும். பிறை தெரிந்த இரவே தராவீஹ் தொழுகை தொடங்கும், விடிந்தால் முதல் நோன்பு. அதனால் வாழ்த்துக்கு நல்ல நேரம் பிறை பார்த்த அந்த இரவு. தேதியைப் போட்டு முன்கூட்டியே நேரம் குறித்து வைக்காதீர்கள். பிறை ஒரு நாள் முன்பின் ஆகலாம். மாதம் 29 நாளிலும் முடியும், அதனால் "30 நோன்பு" என்று எண்ணிக்கை போட்டு எழுதுவதே வேண்டாம்.

இப்போது உங்கள் நண்பர். வாழ்த்தலாமா என்று கேட்டீர்கள். இறந்தவருக்காகத் துக்கம் அனுசரிப்பது மூன்று நாள்தான், கணவனை இழந்த மனைவிக்கு மட்டும் நாலு மாதம் பத்து நாள் இத்தா எனும் காத்திருப்பு. உங்கள் நண்பருக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது, அவருடைய உம்மாவுக்கும்தான். நோன்பு என்பது இறைவணக்கம், அது வீட்டுத் துக்கத்துக்காக நிற்காது. எனவே முறைப்படி எந்தத் தடையும் இல்லை. மனசுதான் வேறு.

என் உம்மா மௌத்தான வருடம் எனக்கு வந்த வாழ்த்துகளைச் சொல்கிறேன். படங்கள் நிறைய வந்தன. தங்க எழுத்து, விளக்கு, பள்ளிவாசல். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதில் போட்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்கென்று எழுதியது. பள்ளியில் என்னோடு படித்தவள் அனுப்பியது: "உன் உம்மா நோன்பு திறக்கும் நேரத்தில் கையேந்தி உட்கார்ந்திருந்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உதடு மட்டும் அசையும், எத்தனை பேர் பெயர் சொல்வாரோ. இன்று அந்த நேரத்தில் அவரை நினைத்துக்கொள்வேன்." அவ்வளவுதான். வாழ்த்து என்ற சொல்லே அதில் இல்லை. அன்று மாலை எல்லோரும் நோன்பு திறந்த பிறகும் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறைய அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை. என் உம்மாவை என்னைத் தவிர இன்னொருத்தரும் நினைக்கிறார் என்று தெரிந்ததில் ஒரு தெம்பு வந்தது.

ஆகவே அத்தாவைப் பற்றி எழுதாமல் இருக்காதீர்கள். நீங்கள் பேச்சை எடுக்காவிட்டால் அவர் மறந்துவிடவா போகிறார்? நாலு மணிக்கு எப்படியும் நினைவு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. மனிதர் இறந்ததும் அவருடைய செயல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்று நபிமொழி: நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவருக்காக துஆ (பிரார்த்தனை) செய்யும் நல்ல பிள்ளை. ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. தந்தையை இழந்த பிள்ளைக்கு ரமலானில் கையில் மிஞ்சியிருக்கும் பெரிய வேலை அந்த துஆதான். அதைத் தொட்டு ஒரு வரி எழுதுங்கள். "சந்தோஷமாகக் கொண்டாடு" என்பதைவிட ஆயிரம் மடங்கு ஆறுதல்.

அப்புறம், குர்ஆன் வசனம் போட்ட படங்களை, படிக்கத் தெரியாமல் அனுப்பாதீர்கள். எழுத்து தப்பி அச்சான படங்கள் எத்தனையோ சுற்றுகின்றன. "ரமலான் முபாரக்" ஒன்று போதும், மிச்சத்தை உங்கள் தமிழிலேயே எழுதுங்கள்.

---

பழைய கடிதம்:

நிலாமுற்றம் அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் அந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அலுவலக மூத்தவர் விஷயத்தில் உங்களை ரொம்ப வருத்திக்கொள்ளாதீர்கள். எனக்கும் சர்க்கரை உண்டு, நாலு வருடமாக நோன்பு இல்லை. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம், முடியவே முடியாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 184-ஆம் வசனம் வழி காட்டுகிறது. சலுகை இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் சிறுவயது முதல் நோன்பு வைத்து வந்தவனுக்கு, வீடே நோன்பாக இருக்கையில் மாத்திரைக்காகத் தனியாகச் சாப்பிட உட்காரும்போது தொண்டையில் இறங்காது. அந்த நேரம் "இன்று எத்தனையாவது நோன்பு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நாக்கு எழாது. பெண்களுக்கும் மாதத்தில் நோன்பு இல்லாத நாட்கள் உண்டு. எனவே எண்ணிக்கையைத் தொடும் கேள்வியோ வாழ்த்தோ யாருக்கும் வேண்டாம்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கள் துஆவில் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." நோன்பு இல்லாவிட்டாலும் துஆ அவர் கையில்தான் இருக்கிறது. நோன்பு வைக்க முடியாதவனிடம் ஒருவர் வந்து இப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அனுபவித்தவன் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இரண்டு வரி தாராளம். பழக்கம் இல்லாதவருக்கு நீளமாக எழுதினால் அவருக்குப் பதில் எழுதுவதே பாரமாகிவிடும். மாலையில் நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அனுப்பாதீர்கள், அது துஆவுக்கான நேரம்.

---

ஏழாம் வரிசை:

படம் அனுப்புகிறவர்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் நன்னிக்கு (பாட்டிக்கு) தட்டச்சு செய்ய வராது. எனக்கு அவர் அனுப்புவதெல்லாம் படம்தான். ஆனால் எனக்கென்று தேடி எடுத்து அனுப்புவார், போன வருடம் அனுப்பியது இந்த வருடம் வராது. அவருக்கு நான் பதில் எழுதுவதில்லை, குரலில் பேசி அனுப்புகிறேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று சித்தி சொன்னார். வயதானவர்களுக்குக் குரலே வாழ்த்து. மாடிப்படி அண்ணன் நண்பரின் உம்மாவுக்கும் ஏதாவது சொல்வதாக இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

கடைசிப் பத்து இரவுகளையும் விட்டுவிடாதீர்கள். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த லைலத்துல் கத்ர் இரவை அந்தப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில்தான் தேடுவோம். முதல் நாள் எல்லோரும் வாழ்த்துவார்கள், பெருநாள் அன்றும் வாழ்த்துவார்கள். நடுவில், உடம்பு களைத்திருக்கும் அந்த நாட்களில், ஒரு விசாரிப்பு வந்தால் அது தனி.

---

மாடிப்படி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதிப் பார்த்தவற்றைப் போடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

குழுவில் உள்ள பெண்ணுக்கு: "ரமலான் முபாரக். இந்த மாதம் நம் மாலைக் கூட்டத்தைக் காலைக்கு மாற்றியிருக்கிறேன். வேறு நேரம் வசதி என்றால் தயங்காமல் சொல்லுங்கள்."

மூத்தவருக்கு: "சார், ரமலான் முபாரக். அம்மாவுக்கு அடுத்த வாரம் கண் அறுவை சிகிச்சை. உங்கள் துஆவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

நண்பனுக்கு: "டேய், ரமலான் முபாரக். அத்தாவுக்குப் பதிலா இந்த வருஷம் தினமும் நாலு மணிக்கு நான் உன்னை எழுப்புறேன்."

---

நிலாமுற்றம்:

முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கூட்டத்தை மாற்றியது எந்த வாழ்த்தையும்விடப் பெரிது.

நண்பருடையதில் "பதிலா" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் தம்பி. உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் போன் அதிர்ந்தால் ஒரு நொடி அவர் மனசு யாரை எதிர்பார்க்கும் என்று யோசியுங்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "உக்காந்துட்டு சொல்லு" என்ற குரலைக் கேட்ட இரண்டு பேரில் நீங்கள் ஒருவர். அதை வைத்துக்கொண்டு வேறு எதையும் தேடாதீர்கள்.

---

மாடிப்படி:

பிறை பார்த்த இரவு இதை அனுப்பினேன்:

"டேய், ரமலான் முபாரக். விடிஞ்சா முதல் சஹர். விடுதியில அத்தா உன்னை எழுப்பின அத்தனை நாளும் நானும் முழிச்சுத்தான் இருந்தேன். 'உக்காந்துட்டு சொல்லு' இன்னும் காதில் இருக்கு. இந்த மாசம் அவருக்காக நீ கேட்கிற துஆ எல்லாம் ஏற்கப்படட்டும். பதில் போடணும்னு இல்ல."

மூத்தவர் அன்று இரவே போன் செய்து அம்மாவின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன வருடத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

நண்பனிடமிருந்து இரண்டு நாள் ஒன்றும் இல்லை. படித்துவிட்டான் என்று மட்டும் தெரிந்தது. தப்பாக எழுதிவிட்டேனோ என்று இங்கே வந்து உங்களிடம் கேட்க நினைத்தேன். மூன்றாம் நாள் தராவீஹ் முடித்துவிட்டுக் கூப்பிட்டான். மகள் பள்ளிக்கூடம், வேலை, உம்மாவின் முழங்கால் வலி என்று அரைமணி நேரம் பேசினோம். வைக்கப் போகும்போது சொன்னான்: "அத்தா ஒவ்வொரு தடவையும் போனை வைக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்துக் கட்டில் பிள்ளையும் முழிச்சிருப்பான், மன்னிச்சுக்கச் சொல்லுன்னு சொல்வாரு. தூக்கக் கலக்கத்துல நான் ஒரு நாள்கூட உன்கிட்ட சொன்னதில்லடா."

இப்போது அவன் உம்மாவுக்குக் குரலில் பேசி அனுப்ப உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.