பால் ஊற்றாத காலை

அம்மா எனக்குப் போன் செய்வது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு. மாட்டைக் கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, காலித் தூக்குவாளியோடு திரும்பித் திண்ணையில் உட்கார்ந்ததும் பேசுவாள். அப்பா இறந்த பிறகான ஆறு வருடங்களில் அந்த நேரம் மாறியதில்லை.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர், பெரியாற்றுக் கால்வாயின் கடைமடை. அதனால் முதல் செய்தி தண்ணீர்தான்: மதகு திறந்தார்களா, கண்மாய் எவ்வளவு ஏறியது. அடுத்து சாவு. பிறகு மொய்: யார் வீட்டு விசேஷம், நாம் எவ்வளவு செய்தோம், அவர்கள் முன்பு நமக்கு எவ்வளவு எழுதினார்கள். அப்பாவின் மொய் நோட்டை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டே மனப்பாடம். முக்கியமான செய்தி மட்டும் “வைக்கட்டுமா” என்பதற்குப் பிறகுதான் வரும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டதையே அப்படித்தான் சொன்னாள், கட்டுப் பிரித்த பிறகு.

போன தை மாதம் ஒரு ஞாயிறு, ஆறு மணிக்கே போன் வந்தது. தண்ணீர், சாவு, மொய் எல்லாம் முறைப்படி முடிந்தன. “வைக்கட்டுமா” என்றாள்.

“மாசியில் பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள், தம்பி. அழகர்கோவிலில். மாமன் மடிக்கு நீ வந்தால் போதும். தோடு எடுத்தாகிவிட்டது.”

எந்தப் பணத்தில் என்று கேட்டேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்தாளாம். விதவை உதவித்தொகையை 2023-இல்தான் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200-ஆக ஏற்றினார்கள். அதில் மிச்சம் பிடித்துத் தோடு எடுப்பதற்குள் என் தங்கை மகளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபது.

“பால் ஊற்றப் போகவில்லையாம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இந்த வயதில் யார் புல் அறுப்பது? கன்றோடு கொடுத்துவிட்டேன். நல்ல ஆள்தான், அடிக்க மாட்டான்.”

கோபம் வந்துவிட்டது. தாய்மாமன் நான் இருக்கும்போது இவள் ஏன் மாட்டை விற்க வேண்டும்?

“உனக்குத்தான் மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம் வருகிறதே” என்றாள்.

அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. மருமகளோடு அவளுக்குத் தனிப் போன் உண்டு போலிருக்கிறது.

காதுகுத்தன்று பாப்பா என் மடியில் கிடந்து மண்டபமே அதிர அலறியது. அம்மா கிட்டே வரவில்லை. தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதென்று அவளாகவே தூணோரம் ஒதுங்கிக்கொண்டாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னால் கேட்பவளும் இல்லை. ஆசாரி எழுந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூணுக்கே போனேன். அம்மா தோட்டின் திருகாணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்றாள்.

இப்போதும் ஞாயிறு ஆறு மணிக்கே போன் வந்துவிடுகிறது. தண்ணீர்ச் செய்தி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

“சம்பளம் முழுதாகப் போட்டார்களா, தம்பி?”