பேய் சீனில் யாரும் திடுக்கிடவில்லை. எடிட்டில் எங்கே பிழை?

கேள்வி
குறும்படக் காட்சி ஒன்று. இருட்டு வராந்தாவில் ஒரு பெண் நடந்து வந்து, பாதி திறந்திருக்கும் கதவைத் தள்ளுகிறாள். உள்ளே ஓர் உருவம். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் டைம்லைன், மொத்தம் 100 விநாடி, 34 ஷாட். கதவை நெருங்க நெருங்க ஷாட்டுகளைச் சுருக்கி, இசையையும் ஏற்றி, உருவம் வரும் ஃப்ரேமில் பெரிய சத்தம் வைத்திருக்கிறேன். பயம் வரவில்லை. இன்னும் வேகமாக வெட்டவா?

பதில் 1
வேண்டாம், நேரெதிராகச் செய்யுங்கள். இப்போதே ஒரு ஷாட் சராசரியாக மூன்று விநாடிதான். ஒவ்வொரு முறை கட் வரும்போதும் பார்ப்பவர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறார். அதோடு, சீராகச் சுருங்கும் தாளம் 'இதோ வரப்போகிறது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இப்படி அடுக்குங்கள்: கதவு அவள் பார்வையில் 3 விநாடி, அவள் முகம் 4 விநாடி, மறுபடி அதே கதவு. ஆனால் இம்முறை 9 விநாடி, எதுவும் நடக்காமல். மூன்றாவது விநாடியில் கட் வரும் என்று கண் பழகியிருக்கும். வராதபோது இருட்டைத் துழாவத் தொடங்கும். அந்த ஆறு விநாடிக்காகத்தான் மற்ற எல்லா ஷாட்டும்.

பதில் 2
சத்தம் எடுபடாததற்கு அதற்கு முந்தைய இசைதான் காரணம். இசை ஏற்கெனவே உச்சியில் இருந்தால் சத்தம் ஏற இடமேது? ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் லிமிட்டரும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு அமுங்கிவிடும். உருவத்துக்கு 3 விநாடி முன்பே இசையை எடுத்துவிடுங்கள். முழு மௌனம் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும். ரூம் டோனும் (அந்த இடத்தின் இயல்பான மெல்லிய இரைச்சல்) அவள் மூச்சும் ஓடட்டும். கதவின் கிரீச் ஒலியை ஜே கட்டாக (அடுத்த ஷாட்டின் ஒலி படத்துக்கு முன்பே வருவது), அவள் முகத்தின் மேலேயே 12 ஃப்ரேம் முன்னால் தொடங்குங்கள்.

கேட்டவர்
கதவு ஷாட் 5 விநாடிதான் இருக்கிறது. ஒரு ஃப்ரேமை அப்படியே நிறுத்தி (ஃப்ரீஸ்) நீட்டலாமா?

பதில் 1
கூடாது. படத்தில் அசைந்துகொண்டே இருக்கும் நுண்புள்ளிகள் (கிரெய்ன்) நின்றுபோனால் படம் செத்துவிடும், கண் உடனே கண்டுபிடிக்கும். கேமரா ட்ரைபாடில் இருந்ததா? ரஷ்ஷில் (வெட்டாத மூலப் பதிவில்) 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொன்ன பின்னும் ஓடிய பகுதியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேகத்தை 50 சதவீதமாகக் குறைக்கலாம். திரைச்சீலை மாதிரி அசையும் பொருள் இருந்தால் மட்டும் தெரிந்துவிடும்.

இன்னொன்று: கட்டுக்கு முந்தைய ஃப்ரேமில் அவள் கண்கள் திரையில் எங்கே இருக்கின்றன, உருவம் எங்கே வருகிறது?

கேட்டவர்
கண்கள் இடப்பக்கம். உருவம் வலது ஓரம்.

பதில் 1
பிழை அங்கேதான். புதிய இடத்துக்குக் கண் தாவ ஏறக்குறைய 200 மில்லி விநாடி, அதாவது 5 ஃப்ரேம் ஆகும். சத்தம் முதலில் அடித்துவிடுகிறது, உருவம் பிறகுதான் கண்ணில் படுகிறது; அதிர்ச்சி இரண்டாக உடைந்துபோகிறது. 4கே-யில் எடுத்து, அதைவிடச் சிறிய 1080 அளவில் வெட்டுகிறீர்கள் என்றால், ஷாட்டைப் பெரிதாக்கி உருவத்தை அவள் கண்கள் இருந்த இடத்துக்கே நகர்த்துங்கள்.

கேட்டவர்
4கே-தான். நகர்த்தியதும் முதல் ஃப்ரேமிலேயே முகம் தெரிகிறது. ரஷ்ஷில் 'ஆக்‌ஷனுக்கு' முன்னால் 4 விநாடி சுத்தமாகக் கிடைத்தது.