சிசில் டிராவிஸ்: பேட்டிங் சராசரி 1941ல .359, 1946ல .252. கால்தான் காரணமா?

ஐந்துரோடு:
சேலத்துல பள்ளிப் பசங்களுக்கு பேஸ்பால் ஸ்கோர் எழுதக் கத்துக்கொடுக்க, அமெரிக்காவோட வாஷிங்டன் செனட்டர்ஸ் டீம் ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாம், மூணாம் பேஸுக்கு நடுவுல நிக்கறவர்) டிராவிஸோட கணக்கை எடுத்திருக்கோம். ரெண்டாம் உலகப்போர்ல பனியில கால் கெட்டதாலதான் ஆட்டம் விழுந்துச்சுன்னு எழுதறாங்க. சரிதானுங்களா? ஆடாத வருஷத்துக்கு என்ன போடறது?

சூரமங்கலம் ஸ்கோரர்:
கோடு மட்டும் போடுங்க, சைபர் வேண்டாம். சைபர்னா இறங்கி ஆடியும் ஒண்ணும் அடிக்கலைன்னு ஆயிடும். ராணுவத்துல இருந்த 1942, 43, 44 மூணுக்கும் கோடு. 1945 கடைசியில வந்து 15 ஆட்டம் ஆடியிருக்கார், அதை எழுதியே ஆகணும்.

1941ல 608 அட்-பேட் (சராசரிக்கு எண்ணற பேட்டிங் முறை), 218 ஹிட் (அடிச்சு பேஸுக்குப் போனது). வகுத்தா .3586, அதான் .359. பசங்க கோட்டை விடறது வாக்லதான். நாலு பால் வாங்கி முதல் பேஸுக்குப் போனது அட்-பேட்ல சேராது; சேர்த்தா சராசரி இறங்கிடும். மொத்த சராசரிக்கு வருஷ சராசரிகளைக் கூட்டி வகுக்காதீங்க, 15 ஆட்டமும் 152 ஆட்டமும் ஒரே எடையாயிடும். மொத்தம் 1,544 ஹிட், 4,914 அட்-பேட்: .314.

ஏற்காடு அடிவாரம்:
கால் கெட்டது உண்மை. 76வது காலாட்படை டிவிஷன்ல இருந்தார், ஐரோப்பாவுல நடந்த பல்ஜ் சண்டைக் குளிர்ல ஃப்ராஸ்ட்பைட் (பனிக்கடி). நம்ம ஏற்காட்டு மார்கழிக் குளிர் மாதிரி நெனச்சுடாதீங்க, அங்கே விரல் சதையே உறைஞ்சுடும். ஆனா காலைவிட டைமிங் (பந்துக்குச் சரியான நேரத்துல மட்டையை வீசறது) போனதுதான் காரணம்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அதுதான் எனக்கும் சரியாப் படுது. 1947ல .216, அதோட ஓய்வு.

1941ல அமெரிக்காவோட ரெண்டு பெரிய லீக்லயும் அதிக ஹிட் இவரோடதுதான். டிமாஜியோ 193, டெட் வில்லியம்ஸ் 185. வில்லியம்ஸோட .406 சராசரி, டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டத்துல ஹிட் அடிச்சது ரெண்டும் அதே வருஷம் வந்ததால இவரை யாரும் கண்டுக்கலை. 1933ல முதல் ஆட்டத்துலயே அஞ்சு ஹிட் அடிச்ச ஆளுங்க!

சூரமங்கலம் ஸ்கோரர்:
கூடவே ஜானி பெஸ்கியையும் போடுங்க. பாஸ்டன் ஷார்ட்ஸ்டாப். 1942ல 205 ஹிட், மூணு வருஷம் கடற்படை, 1946ல 208, 1947ல 207. திரும்பி வந்தப்போ அவருக்கு 27 வயசு, டிராவிஸுக்கு 32. பெஸ்கி போர்முனைக்கும் போகலை. அதனால ஷீட்ல வயசுக்கு ஒரு பத்தி, எந்தப் படைன்னு ஒரு பத்தி சேர்த்துடுங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் அதே மூணு கோடுதான் தெரியும்.