ஹெல்த் ஸ்டடீஸ் படித்தால் சோஷல் வேர்க்கர் ஆகலாமா?

ஆகலாம் தங்கச்சி, ஆனால் நேராக இல்லை. கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தப் பெயரை 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம். பதிவுக்கு சோஷல் வேர்க்கில் இளங்கலையோ முதுகலையோ வேண்டும். கல்லூரி டிப்ளோமா முடித்தால் சோஷல் சேர்விஸ் வேர்க்கர். இருவரையும் பதியும் தொழில்முறைக் கழகம் ஒன்றுதான், பதிவு வேறு.

இது தெரியாமல் நான் இரண்டு வருடம் ஹெல்த் ஸ்டடீஸ் படித்தேன். சேரும்போது ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்த அன்று அழுதேன். அப்புறம்தான் வழி தெரிந்தது: வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களுக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட சோஷல் வேர்க் முதுகலை இருக்கிறது. ஊரில் பட்டம் முடித்தவர் என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். சான்றிதழை மதிப்பிடுவதற்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வர நாளெடுக்கும்.

அந்த இரண்டு வருடமும் வீணா என்றால், இல்லை. ஸ்காபரோவில் ஓர் அம்மம்மா, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிசியோதெரபிஸ்ட் வோக்கர் கொடுத்தார், உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார், நர்ஸ் காலை இன்சுலினைப் பற்றிச் சொன்னார். மூவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் குளியலறை மேல்மாடியில் இருப்பதும், அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் விரதம், மதியம்வரை ஒன்றும் சாப்பிடமாட்டார் என்பதும் மூவருக்கும் தெரியாது. தாளில் புட்டும் இடியப்பமும் இல்லவே இல்லை. அதையெல்லாம் கேட்டு மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எனக்குக் கற்றுத்தந்தது, நோயோடு வீட்டையும் வருமானத்தையும் பார்க்கச் சொன்ன அந்தப் படிப்புதான். விரத நாளுக்கு இன்சுலின் அளவை டொக்டரிடம் பேசி மாற்றினார்கள்.

இப்படிப் பல துறைகளும் கலந்து படிக்க விருப்பமென்றால் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள் (2022 வரை ரயர்சன்). நர்சிங், சோஷல் வேர்க், ஊட்டச்சத்து, மாற்றுத்திறனாளர் கல்வி எல்லாம் அங்கே ஒரே பீடத்தின் கீழ்.

பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தால் ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தப் பட்டத்தை வைத்து எந்தக் கழகத்தில் பதியலாம்? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.