ராத்திரி பத்து மணிக்கு மெனேஜர் போன்: பிரான்சில் தடையா, இல்லையா?

பிரட்டுக்களம் (ஹட்டன்):
நேற்று ஒருவர் இங்கே எழுதினார்: "பிரான்சில் வேலை முடிந்த பிறகு மெனேஜர் நமக்குப் போன் எடுத்தால் சட்டப்படி குற்றம். வெள்ளைக்காரக் கம்பனிக்கு மனுசரை மதிக்கத் தெரியும், நம்ம ஆட்களுக்குத் தெரியாது." வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் போனைத் தடை செய்யவே இல்லை. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கம்பனி இதைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும், உடன்பாடு வராவிட்டால் தானே ஒரு விதிமுறை எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

லாச்சப்பல் ரவி:
எழுதியவன் நான்தான். தலவாக்கலையில் பிறந்தவன், 11 வருசமாகப் பாரிசில் வேலை. ஆறு மணிக்குப் பிறகு எனக்கு ஒரு போன் வந்ததில்லை. ஹட்டனில் இருந்துகொண்டு எனக்குப் பிரான்ஸ் சட்டம் படிப்பிக்க வேண்டாம் அண்ணே.

பிரட்டுக்களம்:
உங்களுக்குப் போன் வரவில்லை என்பது வேறு, தடை என்பது வேறு. தடை எந்த வரியில் இருக்கிறது? அதைக் காட்டுங்கள். அப்புறம், மதிக்கத் தெரிந்த வெள்ளைக்காரன் கதையை எங்களிடமா சொல்கிறீர்கள்? தேயிலைத் தோட்டத்தில் நம்மை வரிசை அறைகளில் அடைத்த லயத்தைக் கட்டியது யார்? விடியுமுன் தப்பு மேளம் அடித்துப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, கூப்பிட்டது யார்? இன்றைக்கு மெனேஜர் ராத்திரியில் எடுக்கிற போனும் எனக்கு அந்தத் தப்பு மேளச் சத்தம்தான்.

லாச்சப்பல் ரவி:
சரி, 1992இல் தோட்ட நிர்வாகத்தை எடுத்த கம்பனிகள் நம்ம நாட்டுக் கம்பனிகள்தானே? எல்லா லயத்தையும் இடித்து வீடு கட்டிவிட்டார்களா? பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவது நின்றுவிட்டதா?

பிரட்டுக்களம்:
அது வேறு கதை. நான் கேட்டது போனைப் பற்றி. தடை எந்த வரியில்?

பதுளை வாணி:
இரண்டு அண்ணன்மாரும் கொஞ்சம் நில்லுங்கள். நான் கொழும்பில் ஒரு ஜப்பான் கம்பனியில் இருக்கிறேன். வேலை செய்தே சாவதற்கு அவர்களிடம் 'கரோஷி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. 2019இல்தான் அங்கே பெரிய கம்பனிகளில் ஓவர்டைமுக்கு மாதம் 45 மணித்தியாலம் என்று பொது வரம்பு வந்தது. நம்ம நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே நாளைக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலையையே அளந்து வைத்திருக்கிறது. சட்டம் இங்கேயும் இருக்கிறது. ஆனாலும் பெரியவர் எழும்பும்வரை எங்கள் பிரிவில் ஒருத்தரும் எழும்புவதில்லை.

கொட்டகலைத் தம்பி:
ரவி அண்ணே, 1000 ரூபாய் நாள் சம்பளம் கேட்டு நாங்கள் வருசக்கணக்காக ரோட்டில் நின்றோம். 2021இல்தான் கிடைத்தது. அப்போதெல்லாம் நீங்கள் ஈபில் கோபுரத்தடியில் நின்று படம் போட்டீர்கள். இப்போது தொழிலாளி மேல் என்ன திடீர் அக்கறை?

லாச்சப்பல் ரவி:
என் அம்மா 34 வருசம் கொழுந்து பறித்தவர். மாசாமாசம் சம்பளத்தில் சந்தா வெட்டிய உங்கள் சங்கம் அவர் படுக்கையில் விழுந்தபோது எட்டிப் பார்த்ததா? மருந்துக்குக் காசு வந்தது பாரிசிலிருந்து. என் அக்கறையை நீ அளக்காதே.

கொட்டகலைத் தம்பி:
எந்தச் சங்கம் என்று தெரியாமல் 'உங்கள் சங்கம்' என்று பேச வேண்டாம். நான் அந்தச் சங்கமே இல்லை.

பிரட்டுக்களம்:
அம்மா கதைக்கு நான் தலை வணங்குகிறேன் ரவி. ஆனால் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், தடை எந்த வரியில்? பேசித் தீர்த்துக்கொள் என்று சொல்கிற சட்டத்தைத் தடை என்று எழுதினால், நாளைக்கு இங்கே ஒரு பிள்ளை அதை நம்பி மெனேஜரிடம் போய் நிற்கும். சங்கம் பலமாக இருக்கிற இடத்தில்தான் அந்தப் பேச்சுக்கே பெறுமதி.

லாச்சப்பல் ரவி:
2017இல் சட்டம் வந்ததா, இல்லையா? வந்தது. எனக்குப் போன் வருகிறதா? இல்லை. எனக்கு அது தடைதான்.

பிரட்டுக்களம்:
தடை இல்லை. பேச்சு.