ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்குள் பொருளுறவு உண்டா?

கேள்வி:
பி, ஈ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். மிதிகட்டையான பெடல், நடந்து செல்பவரான பெடஸ்ட்ரியன், பாதப் பராமரிப்பான பெடிக்யூர் என எல்லாமே காலைச் சுற்றியே வரும்போது, பீடியாட்ரீஷியன் மட்டும் குழந்தை மருத்துவரைக் குறிப்பது ஏன்?

பதில் 1:
இரண்டுக்கும் வேர் வேறு. காலைக் குறிப்பவை, பாதம் எனப் பொருள்படும் ‘பெஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. மருத்துவரைக் குறிப்பதோ, குழந்தை எனப் பொருள்படும் ‘பைஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரிட்டிஷ் முறையில் இதை எழுதும்போது பி எழுத்தை அடுத்து ஏ, ஈ இரண்டும் வரும். அமெரிக்க முறை அந்த ஏ எழுத்தை விட்டுவிட்டதால்தான் இரு குடும்பங்களும் ஒன்றுபோலத் தோற்றமளிக்கின்றன.

பதில் 2:
அருமையான விளக்கம். ஆனால் இதையே விதியாகக் கொள்ள வேண்டாம். கற்பித்தல் கலையைக் குறிக்கும் பெடகாஜியும் குழந்தைக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும், பிரிட்டனிலும் அதை ஏ இல்லாமல்தான் எழுதுகிறார்கள். பண்டைய கிரேக்கத்தில் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அடிமையின் பெயரிலிருந்து உருவான சொல் அது.

பதில் 3:
வம்சாவளியைக் குறிக்கும் பெடிக்ரீயையும் உங்கள் தொகுப்பில் சேருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. கொக்கின் கால் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. வம்சாவளிப் படத்தில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்திறங்கும் கோடுகள் பறவையின் விரல்களைப் போல இருந்ததால் இப்பெயர் அமைந்தது. ஆகவே இதுவும் காலின் குடும்பம்தான்.