குண்டாஸ் ரத்தாவதற்குள் அரை வருடம் போய்விடுகிறதே, என்ன செய்வது?

வைகைக்கரை:
குண்டாஸில் (தமிழ்நாட்டின் தடுப்புக்காவல் சட்டம், 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம்) போட்டால் அதிகபட்சம் 12 மாதம் உள்ளே. ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டு ரத்தானாலும், இறுதி விசாரணை வருவதற்குள் பல மாதம் ஓடிவிடுகிறது. முதல் வாரத்திலேயே குடும்பம் என்ன செய்ய வேண்டும்? இழந்த மாதங்களுக்கு நஷ்டஈடு உண்டா?

நெல்லைச்சீமை:
காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களோடு புக்லெட் (ஆதார ஆவணங்களின் தொகுப்பு) தந்தாக வேண்டும். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மங்கிப்போன நகல், தமிழாக்கம் இல்லாத ஆங்கில ஆவணம், விடுபட்ட ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவு, எல்லாமே வாதம்தான். 'பெயிலில் வெளிவர வாய்ப்புண்டு' என்று எழுதியிருந்தால், பெயில் மனு நிலுவையில் இருந்ததா, அவர்கள் காட்டும் முன்னுதாரண வழக்கு இதே மாதிரியானதா என்று பாருங்கள். ரேகா வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது இந்த இடத்தில்தான்.

கலெக்டரோ கமிஷனரோ போட்ட காவல் உத்தரவுக்கு 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன்பே, உத்தரவை ரத்து செய்யக் கேட்டு அவருக்கு ஒரு முறையீடு, உள்துறைச் செயலாளருக்குத் தனியாக ஒன்று. ஒப்புதல் வந்தபின் கலெக்டர், கமிஷனர் கையில் எதுவும் இல்லை.

பொருநை:
அந்த முறையீட்டை ஒப்புகை அட்டையோடு பதிவுத்தபாலில் அனுப்புங்கள். வழக்கு ஜெயிப்பதே பெரும்பாலும் அதில்தான். கோப்பு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போனது என்ற பட்டியலை அரசுத் தரப்பு கோர்ட்டில் கொடுக்கும்: முறையீட்டுக்குக் குறிப்புரை (பதில் விளக்கம்) கேட்ட நாள், அது வந்த நாள், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், அமைச்சர். விடுமுறை நாட்களைக் கழித்த பிறகும் விளக்கமில்லாத இடைவெளி இருந்தால் உத்தரவு நிற்காது. ராஜம்மாள் வழக்கில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்ற காரணமே எடுபடவில்லை. தாமதம் வெறும் 5 நாள். ஆனால் அந்த 5 நாளை நிரூபிக்கவே ஒருவர் மாதக்கணக்கில் சிறையில் கிடக்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம்.

நெல்லைச்சீமை:
காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு வழக்கை 3 வாரத்துக்குள் அனுப்புவார்கள், காவலில் வைத்த 7 வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் வைக்க உரிமை கிடையாது. எழுத்தில் கொடுப்பதையே தெளிவாகக் கொடுங்கள்.

இன்னொன்று: குண்டாஸ் ரத்தானாலும் முதலில் கைதான மூல வழக்கில் பெயில் இல்லையென்றால் வெளியே வர முடியாது. அந்தப் பெயிலையும் ஜாமீன்தாரரையும் இணையாகத் தயார் செய்யுங்கள்.

நஷ்டஈடு தானாக வராது. அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவில் ஐகோர்ட்டில் தனி ரிட் மனு போட வேண்டும். விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 வருடம் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் கிடைத்ததே மொத்தம் 35,000 ரூபாய்தான், அதுவும் இடைக்கால நிவாரணமாக. தொழில்நுட்பக் குறையால் ரத்தான உத்தரவுக்குப் பணம் வாங்குவது கடினம். உள்நோக்கத்தோடு போட்டார்கள் என்று காட்ட ஆவணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.